நாற்பத்திரண்டாம் எண் தொட்டியின் மூடியைத் திறக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
துப்புரவுப் பணியாளர் (தற்காலிகம்), எண் 318,
ஏழாவது வார்டு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: நாற்பத்திரண்டாம் எண் சக்கரத் தொட்டியின் மூடியில் போடப்பட்டுள்ள நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, தொட்டியை என் தெருவுக்குத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மூன்று நாட்களுக்குள் பதில் கேட்டு எனக்கு வழங்கப்பட்ட தங்கள் அலுவலகக் குறிப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை நானே எழுதுகிறேன். முதலில் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரிடம்தான் போனேன். நான் விஷயத்தைச் சொல்வதற்குள் அவர், “அறியாமல் செய்த பிழையைப் பொறுத்தருள வேண்டுகிறேன்” என்று முதல் வரியைப் போட்டுவிட்டார். என்ன பிழை என்று கேட்டேன். “எல்லா மனுவும் இப்படித்தாம்மா ஆரம்பிக்கும்” என்றார். தாளை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். இதில் எழுத்துப் பிழை இருந்தால் அது என்னுடையது. வேறு பிழை எதுவும் என்னுடையது அல்ல.

1. பேருந்து நிறுத்தத்திலிருந்து வங்கி முனை வரையுள்ள தெருவைப் பதினொரு ஆண்டுகளாகச் சுத்தம் செய்துவருகிறேன். நான் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் மக்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். மூடியிருந்தாலும் பொத்துவார்கள், காலையில் கழுவிக் காலியாகக் கொண்டுவந்தாலும் பொத்துவார்கள். அது தொட்டிக்கா, எனக்கா என்று எனக்கே பல நாள் சந்தேகம்.

2. இரண்டு மாதங்களுக்கு முன் ஒருவர் வந்து, “உங்க தொட்டியில ஒரு படம் போடட்டுமா?” என்று கேட்டார். “தொட்டி நகராட்சியோடது, நாத்தம் மட்டும்தான் என்னோடது” என்றேன். அவர் சிரித்தார். ஆனாலும், “நாள் பூரா இதோட இருக்கிறது நீங்க. நீங்க சரின்னாதான் போடுவேன்” என்று நின்றார். நான் சரி என்றேன். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தது நான். நான்கு நாட்கள், பத்து மணி இடைவேளையில், அவர் சொன்ன பக்கமெல்லாம் தொட்டியைத் திருப்பிப் பிடித்ததும் நானே. குறிப்பாணையில் “உடந்தை” என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரிதான். மறுக்கவில்லை.

3. படம் இதுதான். தொட்டியின் முன்பக்கம், கழுத்துப்பட்டி கட்டிய ஒரு கனவான். அவருடைய கை, மூடியின் முன்பக்கம் தொங்கும் விளிம்பில் வரையப்பட்டிருக்கிறது. மூடி மூடியிருக்கும்போது அந்தக் கை இறங்கி அவர் மூக்கையும் வாயையும் பொத்தியிருக்கும். மூடியைத் தூக்கினால் கை அதோடு போய்விடும். கனவான் அசடு வழிந்துகொண்டு நிற்பார். முழுதாகத் திறந்தால், மூடியின் உட்பக்கத்தில் என் முகம். தலையில் துண்டு, நெற்றியில் வியர்வை, யாரிடமோ வம்பளந்துவிட்டுச் சிரிக்கிற முகம். வீட்டுக் கண்ணாடியில் நான் ஒருநாளும் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

4. அதன் பிறகு தெருவில் நடந்ததை வார்டில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். மருந்துக்கடைக்காரர் இத்தனை வருடம் அட்டைப்பெட்டியைத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் எறிவார். உள்ளே போட்டால் கை தேய்ந்துவிடும் என்பதுபோல. அவரே ஒரு நாளைக்கு மூன்று தடவை வந்து மூடியைத் திறக்க ஆரம்பித்தார். குப்பை இல்லாதவர்கள்கூடச் சட்டைப்பையைத் தடவி ஒரு பழைய பயணச்சீட்டைத் தேடி எடுத்தார்கள். மூடியைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். “அக்கா, இது நீங்கதானே?” என்று முதன்முதலில் கேட்டவர் முனையிலுள்ள வங்கியின் காசாளர். பதினொரு வருடமாக என்னைத் தாண்டிப் போனவர். அன்று வீட்டுக்குப் போய் அழுதேன், ஐயா. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

5. மூடிய நிலையில் எடுத்த புகைப்படம் ஒரு நாளிதழில் வந்தது. அடுத்த நாளே நகர அழகுபடுத்தும் பிரிவினர் வந்து தொட்டியை வண்டியில் ஏற்றினார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதிலுக்கு, ஒரு சக்கரம் இல்லாத பதினேழாம் எண் தொட்டியை என் தலையில் கட்டினார்கள். அதை இழுத்து இழுத்து என் வலது தோள் வீங்கியிருக்கிறது. அட்டைப்பெட்டிகள் மறுபடி தரைக்கு வந்துவிட்டன.

6. தொட்டியைத் தங்கள் முன்கூடத்தில் கம்பளம் விரித்து, சுற்றிலும் கயிறு கட்டி, “தொடாதீர்” என்று பலகையும் வைத்தார்கள். குப்பைத் தொட்டியில் யாராவது குப்பையைப் போட்டுவிடக் கூடாதே என்ற முன்னெச்சரிக்கையில், அன்று மாலையே மூடியை நான்கு போல்ட் போட்டு முடுக்கினார்கள். தவறு நடந்தது அங்கேதான். தெருவில் அந்தக் கனவான் ஒரு நாளைக்கு அறுபது தடவையாவது கையை எடுப்பார். தங்கள் கூடத்தில் இருபத்தொரு நாட்களாக ஒரு தடவைகூட எடுக்கவில்லை. உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். வெளியூர் விருந்தினர்கள் வந்த அன்று, தாங்கள் அவர்களோடு அதன் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. அதற்கு நான் பொறுப்பல்ல. போல்ட் போட்டவரைக் கேளுங்கள்.

7. “பொதுச்சொத்தைச் சிதைத்தல்” என்று குறிப்பாணை சொல்கிறது. “அலுவலகத்தை இழிவுபடுத்துதல்” என்றும் சொல்கிறது. சிதைந்த பொருளுக்குக் கம்பளம் எதற்கு என்று அது சொல்லவில்லை. வரைந்தவர் பெயரைச் சொல்லாவிட்டால் வேலையிலிருந்து நீக்கப்படுவேன் என்கிறது. மேற்பார்வையாளர், “பேரைச் சொல்லிட்டுப் போயேம்மா, உனக்கெதுக்கு வம்பு?” என்றார். அவர் நல்லவர், பயந்தவர். பட்டறையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரும் முதல் நாள் அதையேதான் சொன்னார். இந்தச் சம்பளம் நின்றால் எங்கள் வீடு தள்ளாடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுநாள் அவர் தங்கள் முன்கூடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, “பன்னெண்டாம் நம்பர் போல்ட்டு” என்று மட்டும் சொல்லிவிட்டு, அதற்கான ஸ்பேனரை என் சாப்பாட்டுப் பையில் வைத்தார்.

8. எனவே குறிப்பாணைக்கு என் பதில்: வரைந்தவர் யார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல மாட்டேன். இத்தனை வருடத்தில் என் தொட்டியைத் தொடுவதற்கு முன் என்னிடம் அனுமதி கேட்ட ஒரே ஆள் அவர். அவரைக் காட்டிக்கொடுத்துத்தான் இந்த வேலையில் இருக்க வேண்டுமென்றால் எனக்கு அது வேண்டாம்.

9. ஆனால் தொட்டி வேண்டும். என் முகம் இருபத்தொரு நாட்களாக அதற்குள் இருட்டில் கிடக்கிறது. அப்படி ஒன்று உள்ளே இருப்பது தங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் திறந்து பார்க்கவில்லை. எனக்குக் கோபமாக இருக்கிறது, ஐயா. மரியாதை குறையாமல் எழுத முயன்றிருக்கிறேன்.

ஆகவே, வரும் திங்கட்கிழமைக்குள் அந்த நான்கு போல்ட்டுகளையும் கழற்றி, தொட்டியை ஏழாவது வார்டுக்கு அனுப்பிவைக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கு வேலை அதிகம் இருந்தால் சிரமப்பட வேண்டாம். அன்று காலை பத்து மணிக்கு ஸ்பேனருடன் நானே வருகிறேன். துப்புரவுப் பணியாளர்கள் பின்வாசல் வழியாகத்தான் வரவேண்டும் என்று தங்கள் காவலாளி இதுவரை சொல்லிவந்திருக்கிறார். நான் முன்வாசல் வழியாக வருவேன். மூடியை முழுதாகத் திறந்து வைத்து, தொட்டியைத் தள்ளிக்கொண்டு, அதே வழியாக வெளியே போவேன் என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: ஏழாவது வார்டு பணியாளர் ஓய்வறை
நாள்: குறிப்பாணை கிடைத்த மூன்றாம் நாள்

இப்படிக்கு,
அந்த முகத்துக்கு உரியவள்,
(ஒப்பம்)
பணியாளர் எண் 318