தம்பிக்கு ஒரு அழைப்பு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்?

சிரிக்காமல் படி. தேதி தவறியதால் குடியுரிமையை இழந்தவர்களைப் பற்றித்தானே என் புத்தகம்? அதன் கடைசி அத்தியாயத்தில் மூழ்கிக் கிடந்ததில், நான் இங்கே தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்க மறந்துவிட்டேன்! இந்த முறை எச்சரிக்கையோடு விட்டார்கள். இன்னொரு முறை நடந்தால் பேராசிரியர் வேலையும் போகும், பெட்டியையும் கட்ட வேண்டும். பேசாமல் இந்நாட்டுக் குடியுரிமையை வாங்கிவிடுங்கள் என்கிறார் வக்கீல். வாங்கினால் நம் நாட்டுக் குடியுரிமையை விட்டுவிட வேண்டும். உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

அன்புடன்,
தம்பி

மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

சிரித்தேன். "ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறான், தன் தேதியப் பாக்கலயே!" என்று அத்தானும் சிரித்தார். பிறகு சமையலறைக்குப் போய்த் தனியாக அழுதேன். நம் வீட்டுக்கு வர நீ விசா வாங்க வேண்டுமா? மாடி அறையை வாடகைக்குக் கேட்டு எத்தனையோ பேர் வந்தார்கள். அது தம்பியின் அறை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். வரலாற்றைப் பத்துப் பக்கம் எழுதி என்னை மடக்கப் பார்க்காதே. ஒன்றுக்கு மட்டும் பதில் சொல். திரும்பி வரும் எண்ணம் உனக்கு இருந்ததா?

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

இருந்தது. அதனால்தான் இத்தனை வருஷம் விண்ணப்பிக்காமல் சாக்குப்போக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது இல்லை. என் வகுப்பு, என் மாணவர்கள், என் மகள் படிக்கும் பள்ளி, எல்லாம் இங்கேதான். உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வராது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி

ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கு,

போடு கையெழுத்தை. ஒரு வாரம் கோபமாக இருந்தேன், அதற்கு மேல் முடியவில்லை. இனி விசாவுக்கு இங்கிருந்து ஒருவர் அழைப்புக் கடிதம் தர வேண்டுமாம், அத்தான் விசாரித்து வந்தார். எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உன் நடையில் திருத்திவிடாதே, அதிகாரி தூங்கிவிடுவார்.

அக்கா

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

இவன் என் கூடப்பிறந்த தம்பி. நாடு விட்டு நாடு போனவர்களின் வரலாற்றை எழுதுகிறவன். வருவது எதற்காக என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைப் பார்க்க. எங்கே தங்குவான் என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் வீட்டில். எத்தனை நாள் இருப்பான் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவன் வரும்போதெல்லாம் வாசலிலேயே நான் கேட்டுச் சண்டை போடும் கேள்வி அது. இனி நான் கேட்க மாட்டேன். நீங்களும் கேட்காமல் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா