பழைய விசிட்டிங் கார்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கைப்பிடியைப் பிடிக்காமல் படியேறுகிறீர்கள் என்று அம்மா இன்னும் திட்டுகிறாளா?

ஞாயிறன்று நானும் என்னோடு எம்.பி.ஏ. படித்தவர்களும் ஓர் ஓட்டலில் கூடினோம். பதவி, கல்யாணம், பிள்ளைகள் என்று பேச்சு நீண்டது. நானும் கெத்தாக விசிட்டிங் கார்டை நீட்டினேன். தன் மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்த, நாங்கள் 'கடைசி பெஞ்ச்' என்று கூப்பிடும் நண்பன் அதை வாங்கிப் பார்த்தான்.

"போன வாரம் உன் ஆபீசுக்குப் போன் பண்ணேன். வேலைய விட்டுட்டியாமே?" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"நான் விடலடா. என்னைச் சீரமைச்சுட்டாங்க."

இருவரும் சிரித்துவிட்டோம். ஆட்களை வெளியே தள்ளுவதற்குச் 'சீரமைப்பு' என்று பெயர் வைக்க அந்த வகுப்பில்தான் கற்றோம். அந்தப் பாடத்தில் நான்தான் முதல் மதிப்பெண். உழைத்தவர்கள் என்ன குப்பையா, கூட்டித் தள்ளுவதற்கு?

அவன் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "நாளைக்கு பயோடேட்டா அனுப்பு. பாப்பா மேல சத்தியமா யார்கிட்டயும் சொல்லல" என்றான்.

கவலைப்படாதீர்கள் அப்பா, வேறு வேலை கிடைத்துவிடும். இனி ஆபீஸ் எண்ணுக்குக் கூப்பிட வேண்டாம், என் கைபேசிக்கே கூப்பிடுங்கள். எப்போது கூப்பிட்டாலும் 'மீட்டிங்' என்று வைத்துவிடுகிறேன் என்பீர்களே, இனி பகல் முழுக்க எடுப்பேன்.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள், முடிக்கிறேன்.

உங்கள் மகள்