டெலிபோனில் வந்த பெயர்

ரிச்சர்ட்ஸ் டவுன்,
1938 டிசம்பர் 4

மகளுக்கு,

மூன்று மாதமாக நீ என்னோடு பேசவில்லை. நான் கெஞ்சப்போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், வெறும் காய்ச்சல்தானே என்று, வைட்ஃபீல்டுக்கு ரயிலேறி என் சிநேகிதர் ரெமிஜியஸ் வீட்டுக்குப் போனேன். புதிதாக வைத்த டெலிபோனைக் காட்டிப் பெருமையடித்தார். கடிதத்தில் கையெழுத்து இருக்கும், கம்பியில் வரும் குரலுக்கு என்ன அத்தாட்சி என்று கேட்டேன். அப்போதுதான் மணி அடித்தது. ரெமிஜியஸ் எடுத்துக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"யாரோ ஒரு அம்மா. கெணத்துக்குள்ளேர்ந்து பேசறாப்பல இருக்கு. மதலைமுத்து இருக்காரான்னு கேக்குது."

"என் பேரைச் சொல்லிக் கேக்கிற பொம்பளை எவளும் கெடையாது. ஆள் தப்புன்னு சொல்லி வைய்யா."

நாற்பது வருஷத்தில் உன் அம்மா என் பெயரைச் சொன்னதே இல்லை. ஜனக்கணக்கு எடுக்க வந்தவனிடம்கூட உன்னைத்தான் சொல்லச் சொன்னாள். டெலிபோனில் பெயர் சொல்லித்தான் ஆளைக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. சாயங்கால ரயிலில் திரும்பி வந்தேன். ஆஸ்பத்திரியில் அவள் கட்டில் காலியாக இருந்தது.

நீ அவளைத் தாங்கிப் பிடித்து டெலிபோன் வரை கூட்டிப்போனதாக நர்ஸ் சொன்னாள். நீயே வாங்கிப் பேசியிருந்தால் நான் வந்திருப்பேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவள் என் பெயரைச் சொன்னதை நீ பக்கத்தில் நின்று கேட்டாய். எப்படிச் சொன்னாள் என்று எழுது. நேரில் வர வேண்டாம்.

இப்படிக்கு,
ஆள் தப்பு என்று சொன்னவன்