நீச்சல் குளத்துக் குழி

ஆனைமலை,
12.3.1995

அன்புள்ள அண்ணா,

கோயம்புத்தூரில் நீங்களும் அண்ணியும் சண்முகப்பிரியாவும் சௌக்கியம்தானே? போன வாரம் அனுப்பிய இளநீர்க் குலை வந்ததா இல்லையா என்று ஒரு வரி எழுதக்கூடாதா? பவுண்டரி வேலைக்கு நடுவே தங்கச்சிக்கும் ஒரு கார்டு வாங்கி வையுங்கள்.

காட்டேஜ் எட்டுக்கும் சுவர் எழும்பி, ஆறுக்கு ஓடும் வேய்ந்தாயிற்று. நம் ஐயன் என் பேருக்கு எழுதிவைத்த தோப்பில் சினிமாக்காரர்களும் பட்டணத்துக் குடும்பங்களும் வந்து தங்கப்போகிறார்கள். யோசனை என்னுடையதுதான். ஆனால் ஆள் பிடித்து, முன்னால் நின்று கட்டடத்தை எழுப்பியது நீங்கள். அதை நான் மறக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. நேற்று தென்னை ஏற வந்த சின்னான், பின்பக்கம் கிடந்த பெரிய குழாய்களைப் பார்த்துவிட்டு, "ஏனுங் அம்மணி, இதெல்லாம் எங்கீங்க போய்ச் சேருது?" என்று கேட்டார். காண்டிராக்டர் பீர் முகம்மதுவைக் கூப்பிட்டு விசாரித்தேன். எட்டுக் கக்கூஸும் நேராக ஓடைக்குத்தானாம். நீங்கள் சம்மதித்த பிளானாம்.

ஓடை போகிற வழியில்தான் சின்னான் ஊர். கோடையில் அவர்கள் ஓடை மணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடிக்கிறார்கள். சின்னானை நிமிர்ந்து பார்க்க முடியாமல், விழுந்த காயைப் பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன்.

பிளானை மாற்றச் சொல்லுங்கள், அண்ணா. பெரிதாக ஒரு செப்டிக் டேங்க் கட்டிவிடுவோம்.

உங்கள் அன்புத் தங்கை,
கருணாம்பிகை


கோயம்புத்தூர்,
20.3.1995

அன்புள்ள அம்மணிக்கு,

இளநீர் வந்தது. உன் அண்ணி பாதியை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துப் பெருமை அடித்துக்கொண்டாள். சண்முகப்பிரியாவுக்கு ஈரோட்டுப் பக்கம் ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது. கூடிவந்தால் ஆவணியில் கல்யாணம்.

ஓடையை நினைத்து நீ மண்டையை உடைத்துக்கொள்ளாதே. மேலே இருக்கிற லாட்ஜ்காரர்கள் எல்லோரும் அதில்தான் விடுகிறார்கள். ஆடியில் வெள்ளம் வந்தால் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். டேங்க் கட்ட இடம்தான் எங்கே இருக்கிறது? பின்பக்கம் பூராவும் பாறை. சின்னான் "கேட்டார்" என்று எழுதியிருக்கிறாய். இன்றைக்குக் "கேட்டார்" என்பாய், நாளைக்கு நாற்காலி எடுத்துப் போடுவாய்.

நீச்சல் குளத்துக்குக் குழி வெட்டியாகிவிட்டது அல்லவா? அதைக் கவனி. கேட்டுக்குள் நுழைந்ததும் நீலத் தண்ணீர் கண்ணில் பட வேண்டும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரிடமும் இல்லாதது. படக்கம்பெனி மேனேஜர் அதற்காகத்தான் தலையாட்டினார். பொள்ளாச்சிச் சந்தை வரைக்கும் நம்மைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும், பார்.

உன் அண்ணன்,
தம்பிதுரை


ஆனைமலை,
9.4.1995

அன்புள்ள அண்ணா,

சண்முகப்பிரியாவுக்கு இடம் கூடிவரட்டும். மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் சொன்னது சரிதான். பின்பக்கம் பாறை. மூன்று இடத்தில் வெட்டிப் பார்த்தேன். கடப்பாரை பட்டதும் பொறி பறக்கிறது. மண் ஆழமாக இருக்கிற இடம் தோப்பில் ஒன்றே ஒன்றுதான். காட்டேஜ்களைவிடத் தாழ்வு. ஓடைக்கும் கிணற்றுக்கும் வெகுதூரம். குழியும் தயாராக வெட்டிக் கிடக்கிறது.

ஆமாம் அண்ணா. நீச்சல் குளத்தை எடுத்துக்கொண்டேன்.

உங்களைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பீர்கள். அதற்கப்புறம் செய்தால் அண்ணன் பேச்சை மீறியவள் ஆவேன். அதனால் கேட்கவில்லை.

பீர் முகம்மது தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "உங்க அண்ணன் என்னை உசுரோட உடமாட்டாருங்கம்மா!" என்றார்.

"அவரு வர்றதுக்குள்ள அடிக் கான்கிரீட்டைப் போட்டுருங்க" என்றேன்.

சிரித்துவிட்டார். போட்டும்விட்டார். குழியில் பாதிதான் தேவைப்பட்டது. மீதியை மண் தள்ளி மூடியாயிற்று. பாதியிலும் நம் பழைய வீட்டுக் கூடம் இரண்டு அடங்கும். மூன்று அறை வரப்போகிறது. கசடு முதல் அறையில் தங்கிவிடும். தெளிந்த தண்ணீர் மற்ற இரண்டையும் தாண்டி, தென்னை வரிசைகளுக்கு நடுவே ஜல்லி நிரப்பிய வாய்க்காலுக்குள் இறங்கி, மண்ணுக்கடியிலேயே கசிந்துவிடும். ஓடைக்கு ஒரு சொட்டும் போகாது.

கேட்டுக்குள் நுழைந்தால் முதலில் காற்றுப்போக்கிக் குழாய்தான் தெரியும். நீலமாகத்தான் இருக்க வேண்டும் என்றால் அதற்கு நீலப் பெயிண்ட் அடித்துவிடுகிறேன்.

கோபிக்காதீர்கள். கோபித்தாலும் சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

தங்கை,
கருணாம்பிகை


கோயம்புத்தூர்,
15.4.1995

கருணாம்பிகைக்கு,

உன் கடிதத்தைப் பவுண்டரியில் வைத்துப் படித்தேன். வீட்டில் படித்திருந்தால் உன் அண்ணி பார்த்திருப்பாள்.

உன் வீட்டுக்காரர் தவறிப்போனபிறகு உனக்கு ஒரு குறை வைத்தேனா? நீ சொன்னாய் என்றுதானே இந்த வேலையிலேயே இறங்கினேன்? நீச்சல் குளம் வரப்போகிறது என்று கிளப்பில் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது, "உங்க தங்கச்சி குளத்துல பீயைக் கட்டி வெச்சிருக்காங்களாமே?" என்று என் முகத்துக்கு நேராகக் கேட்கிறார்கள். சம்பந்தம் பேசுகிற நேரத்தில் இது எனக்குத் தேவையா?

பீர் முகம்மதுவை வேறு வேலைக்கு வரச் சொல்லிவிட்டேன். சிமெண்டும் இனி வராது. குழியை மூடு. பழைய பிளான்படியே நடக்கட்டும். இல்லை, உன் இஷ்டம்தான் என்றால், அங்கே என் பேரை எங்கேயும் எழுதாதே.

தம்பிதுரை


ஆனைமலை,
28.5.1995

அன்புள்ள அண்ணா,

நீங்கள் எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன். சிறுவயதிலிருந்தே நம் சண்டையில் முதலில் பேசுகிறவள் நான்தான். தோற்றுப்போய்ப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பீர் முகம்மது போய்விட்டார். "உங்க அண்ணன் வேலை எனக்கு நாளைக்கும் வேணுமுங்கம்மா" என்று ஒளிக்காமல் சொன்னார். அவர்மேல் வருத்தமில்லை. கிளம்பும்முன் குழியின் சுவரிலேயே கரித்துண்டால் எல்லாவற்றையும் வரைந்து காட்டினார். எந்தக் குழாய் எந்த உயரத்தில் வரவேண்டும், எங்கே தடுப்பு என்று ஒன்றும் விடவில்லை.

பொள்ளாச்சிக்குத் தேங்காய் ஏற்றிப்போன லாரியில் நானே ஏறிப்போய், திரும்பும்போது சிமெண்டோடு வந்தேன். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து தம்பிதுரை தங்கச்சி போகிறாள் என்று கடைவீதியே பார்த்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று தலையைத் தூக்கிக்கொண்டேன்.

ஆள் கிடைக்கவில்லை. உள்ளூர்க் கொத்தனார்களுக்கு உங்கள்மேல் பயம். சின்னான் ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவர் சம்சாரம் நஞ்சம்மாளும் வந்தாள். சுவர் எழும்பித் தண்ணீர் நிறுத்திப் பார்த்தோம். விடிந்து பார்த்தால் ஒரு மூலையில் ஒழுகி முழங்கால் அளவு இறங்கிவிட்டது. அன்றைக்கு அழுதேன். பிறகு இறைத்துக் கொட்டிவிட்டு, பூச்சைக் கொத்தி எடுத்து மறுபடி பூசினோம். இப்போது நின்றுவிட்டது.

மேல்மூடிக் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் நாளில் நஞ்சம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அம்மணி, நெறஞ்சுபோச்சுன்னா இதுக்குள்ள யாருங்க எறங்கறது?"

நான் அதை யோசித்திருக்கவேயில்லை. ஓடையை யோசித்தேன், பாறையை யோசித்தேன், உங்கள் கோபத்தைக்கூட யோசித்தேன். இதை யோசிக்கவில்லை.

"என்ற தம்பி ஒரு ஓட்டல் குழிக்குள்ள எறங்குனானுங்க. மூச்சு முட்டி உள்ளயே போயிட்டான். தூக்கப்போனவனும் வரலீங்க. எங்களுக்குத் தண்ணி நல்லா இருக்கோணும்னு நீங்க கட்டறீங்க, சரி. அதுக்கு எங்காளையே எறக்கிப்போடாதீங்க."

பலகை வேலையை நிறுத்திவிட்டேன். மூன்று அறைக்கும் தனித்தனி வாய் விட்டு, லாரி நேராகப் பக்கத்தில் வந்து நிற்கத் தடம் போட்டேன். ஓஸ் குழாய் விட்டு உறிஞ்சுகிற லாரி கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும். வராமல்போனால் காட்டேஜைப் பூட்டுவேன். ஆளை இறக்கமாட்டேன். "இதற்குள் மனிதர் இறங்கக்கூடாது" என்று மூடியில் ஈரச் சிமெண்டில் என் கையாலேயே எழுதினேன். கீழே என் பெயரையும் போட்டேன். உங்கள் பேரை எழுத வேண்டாம் என்றீர்களே, எழுதவில்லை.

நஞ்சம்மாளுக்கு நாற்காலி போட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன். அவள்தான் உட்காரக் கூச்சப்பட்டாள்.

கருணாம்பிகை


கோயம்புத்தூர்,
18.8.1995

கருணாம்பிகைக்கு,

சண்முகப்பிரியாவின் கல்யாணப் பத்திரிகை இத்துடன் இருக்கிறது. நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியது முறை. உன் அண்ணிக்கு உடம்பு சரியில்லை. எனக்கும் அலைச்சல். மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஒன்று மட்டும் சொல்கிறேன். சம்பந்தி வீட்டார் உன்னைப் பற்றிக் கேட்டார்கள். தோப்பைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறோம். நீயும் அப்படியே சொல்லிவிடு. அந்த டேங்க், அந்த ஆட்கள், லாரியில் போனது, எதுவும் பேச்சில் வரவேண்டாம். மண்டபத்துக்கு முந்தின நாளே வந்து நிற்காமல் முகூர்த்தத்துக்கு வந்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனாலும் போதும்.

தம்பிதுரை


ஆனைமலை,
23.8.1995

அன்புள்ள அண்ணா,

பத்திரிகையை மஞ்சள் தடவியபடியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். கிழிக்கவில்லை. பிள்ளையின் பேர் அதில் இருக்கிறது.

தூரத்துச் சொந்தத்துக்குத் தபாலில் பத்திரிகை அனுப்புவார்கள். கூடப் பிறந்தவளுக்கு அனுப்பி நான் கேள்விப்பட்டதில்லை. அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்றுத்தான் அண்ணி பொள்ளாச்சியில் தன் பெரியம்மா வீட்டுக்கு அழைக்க வந்துபோனார்களாம். அங்கிருந்து இங்கே வர ஒரு பஸ்தான்.

பரவாயில்லை. நீங்கள் சொல்லச் சொன்னதுதான் என்னால் முடியாது. வீட்டோடு இருக்கிறேன் என்று நான் சொன்னால் என் உள்ளங்கைக் காய்ப்பே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நீச்சல் குளத்தைப் பற்றி நீங்கள் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொன்னீர்கள்! இது அதைவிடப் பெருமையான வேலை. இந்த ஆடியில் ஓடை பெருகி வந்தது. மேலே இருக்கிறவர்கள் விட்டதெல்லாம் அதில் வந்தது. அதை நான் தடுத்துவிடவில்லை. லாட்ஜ் லாட்ஜாகப் போய்ச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். ஒருவர் உட்காரவைத்து, குழியைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஒருவராவது சொல்லியிருக்கிறாரே.

படக்கம்பெனி மேனேஜர் குளம் இல்லை என்றதும் போய்விட்டார். திருச்சூரிலிருந்து இரண்டு குடும்பம் வருகிறது. முதல் விருந்தாளிகள். முகூர்த்தத்தன்று காலையில்தான் வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்குக் கேட்டைத் திறந்துவிட நான் இருக்க வேண்டும்.

முகூர்த்த நேரத்தில் இங்கிருந்தே பிள்ளையை நினைத்துக்கொள்வேன். அவளிடம் மட்டும் பொய் சொல்லாதீர்கள். உன் அத்தைக்குக் கோபம், அதனால் வரவில்லை என்று சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டாலும் அதையே சொல்லலாம். அத்தை என்ன செய்கிறாள் என்று மேற்கொண்டு கேட்டால், என்ன செய்கிறேனோ அதை வாய் நிறையச் சொல்லுங்கள். அப்படிச் சொல்ல உங்களுக்கு என்றைக்கு வாய் வருகிறதோ, அன்றைக்கு வெற்றிலை பாக்கோடு வாருங்கள். கல்யாணம் முடிந்து எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சரி, அப்போதுதான் என்னை அழைத்ததாக எடுத்துக்கொள்வேன்.

அதுவரைக்கும் நான் அழைக்கப்படாதவள்.

கருணாம்பிகை