நான் பார்க்காத அகலத்திரை

ஞாயிறு, இரவு.

தாம்பரத்தின் அந்தப் பழைய பெரிய தியேட்டரை இன்றோடு மூடிவிட்டார்கள். கடைசிப் பகல் காட்சிக்கு ஒரு பழைய சினிமாஸ்கோப் படம். மனைவி ஜைபுனோடு போனேன்.

படம் தொடங்கியதும் எல்லா முகங்களும் ஒல்லியாக நீண்டு தெரிந்தன. அகலமாக விரித்துக் காட்டும் லென்ஸைப் போடவில்லை. அங்கேயே இருபது வருடம் ஆபரேட்டராக இருந்தவன் நான். யாரும் சொல்லித் தராமல் கற்றவன். எழுந்து நின்று கத்தினேன்.

"பெர்சு, குந்து. மறைக்குது," என்றான் பின்னால் ஒருவன்.

மேனேஜரிடம் போனேன். "பொம்ம ஓடுதுல்ல சார், இன்னா பேஜாரு?" என்றான்.

அவர்கள் சரி செய்யாமல் இனி உள்ளே வரமாட்டேன், என்னைக் கூப்பிடவும் கூடாது என்று ஜைபுனிடம் சொல்லிவிட்டு, வெளியே வண்டிகள் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்தேன்.

திரும்பும்போது பஸ் பல்லாவரம் தாண்டியது. அப்போதுதான் ஜைபுன் சொன்னாள்: "நீங்க போன பத்தாவது நிமிஷமே லென்ஸை மாத்திட்டாங்க. இந்தச் சுவத்துலேர்ந்து அந்தச் சுவரு வரைக்கும் விரிஞ்சுது. உங்க சீட்டுல யாரும் உக்காராம என் பையை வெச்சிருந்தேன்."

"ஏன் கூப்பிடல?"

"நீங்கதானே கூப்பிடாதேன்னீங்க."

நான் சொன்னதால்தான் மாற்றியிருக்கிறார்கள். அதை எழுதி வைக்கிறேன். இரண்டரை மணி நேரம் நான் பார்த்தது ஸ்கூட்டர்களைத்தான்.