சாம்பிராணி அணைந்த பிறகும் நிற்காத புகை

என் அருமை மச்சான் குமரேசா,

நீ போய் ஒரு வருஷம் முடிஞ்சு திதியும் கொடுத்தாச்சு. இங்கே எல்லாரும் நல்லா இருக்கோம்னு எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு வரல. உன் பொண்ணு யாழினி என்கிட்ட சரியா பேசறதில்ல. காரணம் ஒரு கார். அந்தக் கார் வேண்டாம்னு சொன்னது நான்.

ஆமாம், கார்தான். சிரிக்காதே. ஜிஎஸ்டி ரோட்டுல நாப்பதுக்கு மேல போகாத மனுஷன் நீ. பல்லாவரத்துலேர்ந்து தாம்பரம் வந்து சேர்றதுக்குள்ள பின்னாடி வர்ற பஸ்காரன் ஹாரன் அடிச்சே ஓய்ஞ்சு போவான். உனக்குப் பொறந்தவளுக்கு, டர்போ வெச்சு சீறிக்கினு போற வண்டிதான் வேணுமாம். அதுவும் செகண்ட் ஹேண்ட்ல.

நீ போனதுலேர்ந்து அவ எதுவுமே கேட்டதில்ல மச்சான். தீபாவளிக்குத் துணி வேண்டாம்னா. பெரும்பாக்கம் தாண்டி இருக்கிற ஆபீஸுக்குப் போவா, வருவா, ரூம் கதவைச் சாத்திக்குவா. அப்படி இருந்தவ ஒருநாள் சாப்பிடும்போது போன்ல ஒரு படத்தைக் காட்டி, இது எனக்குப் பிடிச்சிருக்கும்மான்னா. என் தங்கச்சி மீனா கையில இருந்த கரண்டியை அப்படியே கீழே வெச்சிட்டா. நீ மாரடைப்புலதான் போனே, ரோட்டுல இல்ல. இருந்தாலும் வேகமா போற எதைப் பார்த்தாலும் அவ முருகா முருகான்னு ஆரம்பிச்சிடறா. கடைசியில, "உங்க மாமா பார்த்து சரின்னு சொன்னா வாங்கிக்கோ"ன்னு என் தலையில கட்டிட்டா.

என் தலை தாங்காதா? கிண்டியிலேர்ந்து செங்கல்பட்டு வரைக்கும் வண்டி விஷயம்னா ஜனங்க என் பேரைத்தான் சொல்லுவாங்க. ஒன்பதாங்கிளாஸோட வெளியே வந்தவன்தான், ஆனா ஒரு என்ஜின் முன்னால நின்னா அதுக்கே என்கிட்ட பேசணும்னு தோணும். இந்த டர்போ மட்டும் கொஞ்சம் புதுசு. அதனால ஒரு வாரம் ராவும் பகலும் போன்ல வீடியோ பார்த்தேன். இப்போ வேணும்னா காலேஜ்ல பாடமே எடுப்பேன்.

உனக்கும் சொல்றேன் கேளு. வண்டி வெளியே விடுற மூச்சைப் புடிச்சு, அதாலயே ஒரு சின்னக் காத்தாடியைச் சுத்தவிட்டு, என்ஜினுக்குக் கூடுதலா காத்து ஊட்டறதுதான் டர்போ. அந்தக் காத்தாடி ஆயில்ல குளிச்சுக்கினே சுத்தணும். முன்னாடி வெச்சிருந்தவன் ஆயிலை நேரத்துக்கு மாத்தாம, சின்னப் பசங்க மாதிரி மிதிச்சு மிதிச்சு ஓட்டியிருந்தா அது தேஞ்சு போயிடும். அப்புறம் ஆயில் உள்ளே கசிஞ்சு எரிஞ்சு, நீலப் புகையா வெளியே வரும். அதைக் கண்டுபுடிக்கணும்னா வண்டி ராத்திரியெல்லாம் சும்மா நின்னு ஆறிப் போயிருக்கணும். நாம போய் நிக்கும்போதுதான் முதல் தடவையா ஸ்டார்ட் பண்ணணும். சூடாக்கி வெச்ச வண்டி பாதி வியாதியை மறைச்சிடும். இத்தனையும் எனக்குத் தெரியும் மச்சான். தெரிஞ்சே கோட்டை விடப் பார்த்தேன்.

வண்டி கூடுவாஞ்சேரியில, ஒரு லேஅவுட் வீட்டுல இருந்தது. ரிட்டையர் ஆன மனுஷர், நெத்தி நிறைய விபூதி. மகன் வெளிநாடு போயிட்டானாம், வண்டி அவனோடதாம். போன்ல நானேதான், வெள்ளிக்கிழமை நல்ல நேரத்துல வர்றோம் சார்னு சொன்னேன். ராகு காலம் வந்துடும், அதுக்கு முன்னாடியே பூஜை போட்டு ஸ்டார்ட் பண்ணி வெச்சிடறேன்னாரு அவரு. அடடா, என்ன ஒரு பக்தின்னு எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

நானும் யாழினியும் போனப்போ வண்டிக்கு மாலை, டயருக்கு எலுமிச்சம்பழம், என்ஜின் ஓடிக்கினு இருக்கு. அவரு வீட்டம்மா தூபக்காலை வண்டிக்குப் பின்னாடி வெச்சு சாம்பிராணி போட்டுக்கினு இருந்தாங்க. வண்டியே தெரியாத அளவுக்குப் புகை. சாமி வந்து இறங்கின மாதிரி இருந்தது. நானும் கன்னத்துல போட்டுக்கினு விபூதி வாங்கிப் பூசிக்கினேன்.

அப்புறம் ஆரம்பிச்சேன் என் பரிசோதனையை. டயர் ஒரு பக்கமா தேஞ்சிருக்கா, கதவு இடுக்குல பெயிண்ட் மாறுதா, எல்லாம் தடவிப் பார்த்தேன். மேல் கியர்ல மிதிச்சா கிளட்ச் நழுவுதான்னு பார்க்கச் சொன்னேன். யாழினிதான் ஓட்டினா. ஊரப்பாக்கம் வரைக்கும் போய்த் திரும்பினோம். ஒரு இடத்துல ரோடு காலியா இருந்துச்சு, லேசா அழுத்தினா. வண்டி எங்க முதுகை சீட்டோட ஒட்டிடுச்சு. அவ சிரிச்சா மச்சான். வாய்விட்டு. நீ போனப்புறம் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்ல. அப்பவே மனசுக்குள்ள சரி சொல்லிட்டேன்.

திரும்பி வந்து வாசல்ல நிறுத்தினோம். உடனே ஆஃப் பண்ணாதே, ஓடின காத்தாடி கொஞ்சம் ஆறட்டும்னு சொன்னேன். வீடியோவுல அப்படித்தான் சொல்லியிருந்தாங்க. அந்தம்மா காபி கொண்டு வந்தாங்க. நான் டம்ளரோட வண்டியைச் சுத்தி வந்தேன். தூபக்கால் ஓரமா கிடக்கு, நெருப்பு செத்து வெறும் சாம்பல். ஆனா வண்டிக்குப் பின்னாடி புகை மட்டும் நிக்கல. நீலமா வந்துக்கினே இருக்கு. பழைய எண்ணெய்ல வடை சுட்ட மாதிரி ஒரு வாடை.

"சாம்பிராணி சார் அது"ன்னாரு அந்த மனுஷர்.

"சாம்பிராணி இங்க கீது சார். புகை அங்கேர்ந்து வருது."

தெய்வ காரியத்துலயா சந்தேகம்னு கேட்டாரு. நான் பயங்கர பக்தன், ஏழு மலையையும் ஒரே மூச்சுல ஏறினவன், ஆனா நாளைக்கு வண்டி ஆறிக் கிடக்கும்போது இன்னொரு தடவை பார்த்துடறோம்னு கும்பிட்டேன். நீங்க வர்ற வரைக்கும் சாவியைத் தொடமாட்டேன்னு அவரும் வாக்கு கொடுத்தாரு.

மறுநாள் காலையில போனதும் முதல் வேலையா பானட்டு மேல உள்ளங்கையை வெச்சேன். ஜில்லுனு இருந்தது. பாவம், மனுஷர் சொன்ன வார்த்தையைக் காப்பாத்தியிருந்தாரு. சாவியைத் திருப்பினதும் எதிர் வீட்டுக் கோலம் மறையற அளவுக்கு நீலப் புகை. பனி சார்னாரு. சித்திரை மாசத்துல, கூடுவாஞ்சேரியில. என் வெள்ளைக் கர்ச்சீப்பைப் புகைக்குழாய்கிட்ட புடிச்சேன், பிசுபிசுன்னு கறுப்பா ஒட்டிக்கிச்சு. யாழினிகிட்ட காட்டினேன். அவ கர்ச்சீப்பைப் பார்க்கல, என் மூஞ்சியைப் பார்த்தா. வேண்டாம்மான்னேன்.

அவரு ஏமாத்தினாரா, இல்ல மகன் வண்டியை என்ன பண்ணி வெச்சான்னு நிஜமாவே தெரியாதா? எனக்கு இன்னும் புரியல.

திரும்பி வரும்போது உன் பழைய வண்டியை அவதான் ஓட்டினா. நான் வாயை மூடல. ஒரு மந்திரியோட காரை வெறும் காதால கேட்டே ரிப்பேர் பண்ணின கதையெல்லாம் எடுத்துவிட்டேன். வண்டலூர் தாண்டினப்புறம்தான் அவ பேசினா.

"மாமா, அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

"உங்கப்பனும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பான்"னேன்.

"இல்ல மாமா. அப்பா, 'வேற பாக்கலாம்'னு சொல்லியிருப்பாரு."

உலகத்துக்கே பதில் வெச்சிருக்கிற நான், பெருங்களத்தூர் வர்ற வரைக்கும் அந்தக் கறை புடிச்ச கர்ச்சீப்பை மடிச்சுப் பிரிச்சுக்கினு வந்தேன்.

வீட்டுல விஷயத்தைச் சொன்னதும் மீனா சாமி படத்துக்கு விளக்கேத்திட்டா. "நல்லவேளை அண்ணா, அதோட அந்தப் பேச்சை விட்டுடு"ன்னா. உள்ளே யாழினி ரூம் கதவு சாத்தற சத்தம் கேட்டுது. நான் ஒரு வண்டியைத்தானே வேண்டாம்னேன்? அம்மாவுக்கும் பொண்ணுக்கும் அது எல்லாத்தையும் வேண்டாம்னு சொன்ன மாதிரி எப்படிக் கேட்டுது? அந்தச் சிரிப்பைத் திரும்ப உள்ளே அனுப்பினது நான்தானா? அந்த வண்டியை வாங்கிக் கொடுத்து, நடு மேம்பாலத்துல அவ தனியா நின்னிருந்தா உன் போட்டோவை நான் எப்படிப் பார்ப்பேன்? உனக்காவது புரியுதா?

நேத்து அவ கதவைத் தட்டி, செம்பாக்கத்துல இன்னொரு வண்டி இருக்கு, பாக்கலாமான்னேன். கதவு திறந்துது. மீனாகிட்டயும் பேசிட்டேன். நீயும் கூட வா, உன் கையாலயே பானட்டைத் தொட்டுப் பாருன்னேன். முறைச்சா. வரமாட்டேன்னு சொல்லல.

செம்பாக்கம் வண்டிக்காரர்கிட்ட கறாரா சொல்லிட்டேன்: பூஜை, சாம்பிராணி எல்லாம் நாங்க வாங்கினப்புறம், எங்க வாசல்ல. நாங்க வர்ற வரைக்கும் சாவியைத் தொடக்கூடாது.

உனக்குச் சத்தியம் பண்றேன் மச்சான். எத்தனை வண்டி ஆனாலும் பார்ப்பேன். கெட்டதை நல்லதுன்னு சொல்லமாட்டேன், ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு உன் பொண்ணோட ஆசையையும் மூடமாட்டேன். இனிமே உன் வார்த்தையைத்தான் சொல்லப்போறேன்: வேற பாக்கலாம். நல்ல வண்டி கிடைச்ச அன்னிக்கு முன்சீட்டுல மீனாவை உட்கார வெச்சிட்டு, நான் பின்னாடி உட்கார்ந்துக்கறேன். யாழினி அழுத்தும்போது கண்ணை மூடிக்குவேன். அதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதே.

இப்படிக்கு,
மீனாவோட அண்ணன், யாழினிக்குத் தாய்மாமன், உனக்கு என்னிக்கும் மச்சான்