செனட்டர் என்னும் நாயும் எட்டாம் கட்டடத்து ஏசியும்

அனுப்புநர்:
வில்மா க்ரென்ஷா (வயது 68),
பணி ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை,
வீடு எண் 8-சி, ஒகோட்டியோ டெரஸ் குடியிருப்பு,
பாலோ செக்கோ, அரிசோனா.

பெறுநர்:
விதி அமலாக்க அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
பாலோ செக்கோ.

பொருள்: வீட்டு ஏசியின் வெளி யூனிட்டை நாய்களின் சிறுநீர் அரித்து அழித்தது – குடியிருப்போர் சங்கம் அதைத் தடுக்காமல், தடுத்த என்மீதே நடவடிக்கை எடுத்தது – வரும் வெள்ளிக்கிழமைக்குள் தாங்கள் தலையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நாய் மூத்திரத்தைப் பற்றி ஓர் அரசு அலுவலருக்கு மனு எழுதும் நிலை எனக்கு வரும் என்று நான் நினைத்ததே இல்லை. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் அமிலமும் காரமும் கற்பித்தவள் நான். அந்தப் பாடத்தில் தோற்றுப்போன பிள்ளைகள் அனைவரும் வளர்ந்து எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் சேர்ந்துவிட்டார்களோ என்று இப்போது சந்தேகப்படுகிறேன்.

1. மேற்படி வீட்டில் நானும் என் தம்பி டெல்மரும் வசிக்கிறோம். அவனுக்கு வயது 61. பத்து வருடமாக நரம்பு நோய். உடம்பில் சூடு ஏறினால் அவன் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. வீட்டுக்குள் எழுபத்தாறு ஃபாரன்ஹீட் டிகிரியைத் தாண்டக் கூடாது என்று மருத்துவர் எழுதியே கொடுத்திருக்கிறார். இந்த ஊர் ஜூலை மாதம் எப்படி இருக்கும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏசி எங்கள் வீட்டில் சொகுசு அல்ல, அவனுடைய மருந்து.

2. எங்கள் சங்க விதிகளில் இரண்டைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். ஏசியின் வெளி யூனிட்டுகள் தெருவிலிருந்து கண்ணில் படக் கூடாது என்பது ஒன்று. நாய்க்கழிவை அள்ளுவதற்கான பைகள் தொங்கும் கம்பம் தெருவிலிருந்து கண்ணில் படக் கூடாது என்பது மற்றொன்று. ஒகோட்டியோ டெரஸில் தெருவிலிருந்து கண்ணில் படாத இடம் ஒன்றே ஒன்றுதான்: ஏழாம் கட்டடத்துக்கும் எட்டாம் கட்டடத்துக்கும் நடுவிலுள்ள சரளைக்கல் சந்து. யூனிட்டுகள் பதினாறு வருடமாக அங்கேதான் நிற்கின்றன. சென்ற ஆண்டு மார்ச் மாதம் அந்தக் கம்பத்தையும் அங்கேயே, என் யூனிட்டுக்கு நான்கடி தள்ளி, நட்டார்கள். இரண்டு விதிகளையும் ஒரே இடத்தில் நிறைவேற்றியதற்காக அன்றைய கூட்டத்தில் கைதட்டல் வேறு நடந்தது. நான் தட்டவில்லை.

3. கோடையில் சாலைத்தளம் நாய்களின் பாதத்தைப் பொசுக்கிவிடும் என்பதால், இங்கே எல்லோரும் சூரியன் ஏறுவதற்கு முன்பே நாய்களை வெளியே கூட்டிவருகிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நாய் நாயாகத்தான் இருக்கிறது. ஆனால் நிழலும் கம்பமும் ஒன்றாக இருக்கும் அந்தச் சந்துக்கே குடியிருப்பின் முப்பத்தேழு நாய்களும் வந்து, என் யூனிட்டின்மீது காலைத் தூக்கிவிட்டுப் போகின்றன. சொந்தக்காரர்கள் பக்கத்தில் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

4. இந்த ஆண்டு ஏப்ரலில் குளிர்ச்சி குறைந்ததும் பழுதுபார்ப்பவரை அழைத்தேன். பெயர் ஓஸ்வால்தோ. யூனிட்டின் மூடியைக் கழற்றியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னது இது: "மேடம், பதினெட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இது வெயிலு அரிச்சதும் இல்ல, மழை அரிச்சதும் இல்ல. கீழேர்ந்து ஒரு முழத்துக்கு மட்டும் தகடெல்லாம் மாவா உதிருது, மேல புத்தம் புதுசா இருக்கு பாருங்க. கால் தூக்குற உசரம் மேடம் இது." செப்புக் குழாயில் ஊசி முனையளவு ஓட்டைகள் விழுந்து கேஸ் கசிந்திருந்தது. அடைத்துக் கொடுத்தார். மறுபடி நனைந்தால் இந்தக் கோடையைத் தாண்டாது என்றும் எச்சரித்துவிட்டுப் போனார்.

5. மறுநாளே சங்கத் தலைவர் திரு. பார்க்லி விட்லாக்கிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்தேன். அவர் பதிலுக்கு எழுதவில்லை. வாசலில் நிற்கவைத்துச் சொன்னார்: "அட, நாய்ங்க மேடம் அது! ஆசிட்டையா ஊத்துது? நம்மூரு காத்துக்கு ரெண்டு சொட்டு நிமிஷத்துல காஞ்சிடும், விடுங்க." காய்ந்த பிறகு அங்கே தங்குவது உப்பும் அம்மோனியாவும்தான், அவை அலுமினியத்தையும் செம்பையும் தின்னும் என்று விளக்கினேன். பாடம் எடுக்காதீர்கள் என்பது போல் சிரித்தார். எடுத்திருக்க வேண்டிய காலத்தில் யாரோ எடுக்காமல் விட்டதன் பலன் அது.

6. எங்கள் சங்கம் எல்லா நாய்களின் எச்சிலையும் பஞ்சில் துடைத்து, ஒரு பரிசோதனைக் கூடத்தில் அவற்றின் மரபணுவைப் பதிவு செய்து வைத்திருக்கிறது என்பது தங்களுக்குத் தெரிந்திருக்காது. அள்ளாமல் விட்ட கழிவு எந்த நாயுடையது என்று கண்டுபிடிக்க இந்த ஏற்பாடு. இவ்வளவு விஞ்ஞானம் கையில் இருக்கிறதே, என் யூனிட்டையும் சோதியுங்கள் என்று கேட்டேன். விதியில் 'திடக்கழிவு' என்று மட்டுமே இருப்பதால் திரவத்துக்குச் சங்கம் பொறுப்பல்ல என்று குழு தீர்மானம் போட்டது. படித்தவர்கள் ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து போட்ட தீர்மானம், ஐயா. நகலை இணைத்திருக்கிறேன்.

7. மே 3-ஆம் தேதி தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் நேரில் ஆய்வுக்கு வந்தார்கள். தலைவர் தம் நாயையும் கூட்டிவந்தார். கன்றுக்குட்டி அளவு இருக்கும். பெயர் செனட்டர். சந்தில் நாய்களால் எந்தத் தொல்லையும் இருப்பதாகத் தெரியவில்லை என்று தலைவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, செனட்டர் நிதானமாக நடந்து போய் என் யூனிட்டின்மீது காலைத் தூக்கியது. அவர் பேச்சை முடிக்கும்வரை அதுவும் முடிக்கவில்லை. நால்வரும் பார்த்தோம். அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் 'ஆய்வின்போது குறிப்பிடத்தக்க நிகழ்வு ஏதுமில்லை' என்று எழுதி மூவரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். நாயையும் சேர்த்து ஆய்வுக்கு வந்த நால்வரில் ஒளிவுமறைவின்றி நடந்துகொண்டது அந்த நாய் ஒன்றுதான்.

8. வேறு வழியின்றி யூனிட்டைச் சுற்றி இடுப்பளவில் கம்பிவலை வேலி போட்டேன். காற்று தடைபடாமல் மூன்றடி தள்ளியே போட்டேன். ஒரு வாரத்தில் நோட்டீஸ் வந்தது: வேலி 'பாலைமணல்' நிறத்தில் இல்லை. வண்ணம் வாங்கி நானே அடித்தேன். மறுபடி நோட்டீஸ்: நான் அடித்தது சென்ற ஆண்டின் பாலைமணல், இந்த ஆண்டின் பாலைமணல் வேறு. தெருவிலிருந்து கண்ணில் படாத வேலிக்கு நிறம் எதற்கு என்று கேட்டேன். ஜூலை 9 அன்று நான் டெல்மரை மருத்துவரிடம் கூட்டிப் போயிருந்த நேரத்தில், ஆட்களை அனுப்பி வேலியைப் பிடுங்கிப் போனார்கள். மறுநாள் காலை யூனிட் நனைந்திருந்தது.

9. ஜூலை 14, திங்கட்கிழமை, வெளியே நூற்றுப் பதினாறு டிகிரி. நான் மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். கிளம்பும்போது ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கடையில் வரிசை நீண்டு, திரும்பி வர ஒன்றரை மணி நேரமாயிற்று. கதவைத் திறந்தபோது ஏசி நின்றுபோய், வீடு அடுப்பாக இருந்தது. டெல்மர் குளியலறைத் தரையில் கிடந்தான். படுக்கையறையிலிருந்து முழங்கையால் ஊர்ந்தே போயிருக்கிறான். முழங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன. குளிர்ந்த நீருக்கான குழாய் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. "தண்ணியத் தொறந்தேன் வில்மா, அதுவும் சுடுது" என்றான். அதற்குப் பிறகு நான்கு நாட்கள் அவன் பேசவில்லை.

இந்தப் பத்தியை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். மனுவுக்குத் தேவையானது இவ்வளவுதான்: ஜூலை 13 வரை அவன் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு நடந்து, தன் காப்பியைத் தானே போட்டுக்கொள்வான், எனக்கும் போட்டுத் தருவான். இனி அவன் நடக்க மாட்டான் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

10. சங்கத்திலிருந்து ஒரு கூடை வந்தது. அதில் வாசனை மெழுகுவர்த்தியும் 'சீக்கிரம் குணமடையுங்கள்' என்ற அட்டையும் இருந்தன. வெந்து கிடப்பவனுக்கு மெழுகுவர்த்தி. கூடையைக் கொண்டுவந்த துணைத்தலைவி திருமதி பெர்னடீன் ஆஷ்க்ராஃப்ட் அன்போடு ஒரு யோசனையும் சொன்னார்: "உங்க தம்பிக்கு ஒத்துக்கலன்னா பேசாம குளுகுளுன்னு வேற ஊருக்குப் போயிடலாம்ல? இந்த வெயிலு எங்க நாய்க்குட்டிக்கே ஆகல, பாவம்." அந்த 'பாவம்' யாருக்கு என்பதில் எனக்குக் குழப்பமில்லை. கூடையை அவர் காரிலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

11. என் யூனிட் இனி பழுதுபார்க்கும் நிலையில் இல்லை. புது யூனிட் வந்து பொருத்த செப்டம்பர் ஆகும். அதுவரை, மருத்துவமனையிலிருந்து டெல்மர் திரும்பிவந்தால் இருப்பதற்காக, அவன் அறை ஜன்னலில் சிறிய ஜன்னல் ஏசி ஒன்று வைத்திருக்கிறேன். அந்த ஓர் அறை எழுபத்தைந்தில் நிற்கிறது. ஜூலை 22 அன்று சங்கம் எனக்கு அனுப்பிய நோட்டீஸ்: ஜன்னல் ஏசி தெருவிலிருந்து கண்ணில் படுகிறது, ஆகஸ்ட் 1 காலை பத்து மணிக்குள் நான் அகற்றாவிட்டால் சங்கத்தின் ஆட்கள் அகற்றுவார்கள். கையெழுத்து, திரு. பார்க்லி விட்லாக்.

ஐயா, கோடையில் ஒரு வீட்டின் குளிர்ச்சியைத் துண்டிக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்று தங்கள் அலுவலக வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. நேற்று நின்று இரண்டு முறை படித்தேன். ஆகவே நான் கேட்பவை: ஜன்னல் ஏசியைத் தொடக் கூடாது என்று சங்கத்துக்குத் தடை உத்தரவு. அந்தக் கம்பத்தை யூனிட்டுகளின் பக்கத்திலிருந்து பிடுங்க உத்தரவு. புது யூனிட்டுக்கு எந்த நிறத்திலாவது ஒரு வேலி போட அனுமதி. தலைவர்மீது நடவடிக்கை எதையும் நான் கேட்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு வேண்டியது ஏதுமில்லை, வெட்கம் உட்பட.

மூன்றில் முதலாவது மட்டும் காத்திருக்காது. டெல்மரை ஆகஸ்ட் 1 வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சங்கத்தின் ஆட்கள் வரும் நேரமும் அதுவே. வாசலில் தம்பியைத் தூக்கிவரும்போது ஜன்னலையும் காவல் காக்க என்னிடம் இன்னொரு ஆள் இல்லை. அன்று பத்து மணிக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் அந்த ஜன்னலருகே நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: நோட்டீஸ்கள் மூன்று, தீர்மான நகல், ஆய்வுக் குறிப்பு, மருத்துவர் கடிதம், யூனிட்டிலிருந்து உதிர்ந்த தகடு ஒரு துண்டு (உறையைப் பிரிக்காமல் பார்ப்பது நல்லது).

இப்படிக்கு,
வில்மா க்ரென்ஷா

இடம்: பாலோ செக்கோ
நாள்: 28 ஜூலை 2025